மாத்திரை போட்டாச்சு

ஈசூன் பலதுறை மருந்தகத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைப் பை நிறைய வாங்கிப் போகும் அண்ணன்களுக்கு அதில் கூச்சம் கிடையாது. "எட்டு வருஷமா பிரஷர்ப்பா" என்று காப்பிக்கடையில் சத்தமாகவே சொல்வார்கள். பெரும்பாலும் அதே ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் விறைப்புக் குறைபாட்டுக்கு மட்டும் குரல் இறங்கிவிடுகிறது.

அதற்கான மருந்தை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒன்று, தேவைப்படும்போது. வயாகரா எனப்படும் சில்டெனஃபில் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நான்கு மணி நேரம் போல உதவும். தடாலஃபில் 36 மணி நேரம் வரை. இன்னொன்று, தடாலஃபிலையே 2.5 அல்லது 5 மில்லிகிராம் அளவில் தினமும். எந்த மாத்திரையும் ஆசையை உண்டாக்காது. ஆசை வந்தால் ரத்தம் ஓட வழிவிடும், அவ்வளவுதான்.

எது வசதி என்று டாக்டரோடு பேசி முடித்துவிடலாமே, இதில் அறம் எங்கே வந்தது? பிரஷர் மாத்திரை வேறு யாரிடமும் எதையும் கேட்பதில்லை. இது கேட்கிறது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் ரகசியமாக ஒன்றை விழுங்குகிறார். பத்து மணிக்கு என்ன நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. "இன்னைக்கு அசதியா இருக்குங்க" என்று அவள் சொன்னால் அவர் காதில் அது நஷ்டமாக விழுகிறது. மாத்திரை போட்டாச்சே! கொடுத்த முன்பணம் மாதிரி அது உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. தினசரி முறையில் இந்த முன்பணம் இல்லை; இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. ஆனால் 'நான் எப்பவும் ரெடி' என்பதும் மெல்ல ஒரு நெருக்கடியாகலாம்.

ஆக, இரண்டு முறையிலும் சிக்கல் ஒன்றுதான்: இருவர் விஷயத்தை ஒருவர் தனியாக முடிவெடுப்பது. "என் உடம்பு, என் அந்தரங்கம்" என்பதில் நியாயம் உண்டு. சொன்னால், "அப்ப என்மேல ஆசை இல்லையா?" என்று அவள் புண்படவும் கூடும். அந்தச் சங்கடம் நிஜம். ஆனால் மறைப்பு படுக்கையறையோடு நிற்பதில்லை.

2008-இன் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கி சிங்கப்பூரின் ஐந்து பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில், தடாலஃபிலின் போலியிலும்கூட, சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அப்படி ஒன்றைச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 45 பேர்தான்.

டாக்டரிடம் போயிருந்தால் அவர் முதலில் இதயத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு இரண்டு முறையும் ஆகாது. ரத்த அழுத்தம் அபாயமாகச் சரியும். சிலருக்கு விறைப்புக் குறைவே இதய நோயின் முன்னறிவிப்பு. வெட்கம் இதையெல்லாம் கேட்கவிடாது.

"சனிக்கிழமை போட்டுக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போடுவது வேறு மாத்திரை. "இந்த வாரம் வேணாங்க" என்று அவள் சொன்னால் அது டப்பாவிலேயே இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.