அடக்குதலும் பழக்குதலும்



புத்தர் பெருமானின் ஒன்பது குணங்களை வந்தனையில் நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். அவற்றுள் ஒன்று, பழக்கத்தக்க மாந்தரைப் பழக்குவதில் ஒப்பற்ற சாரதி என்பது. பாலியில் ‘புரிஸ தம்ம ஸாரதி’ என்று வரும். இங்குள்ள தம்ம என்னுஞ் சொல், நாம் சரணமடையும் தம்மம் அன்று. பழக்கப்பட வேண்டியது என்னும் பொருளுடைய வேறு சொல். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாய்த் தோன்றுவதால் ஓதுவோர் மயங்குவதுண்டு. தேரோட்டி குதிரையைப் பழக்குவதுபோல் மனிதரைப் பழக்குகின்றவர் என்பதே கருத்து.

தாராவியில் வாழும் நமக்குக் குதிரை எட்டாதது, நாய் எட்டும். சந்துதோறும் ஒன்றிரண்டு உண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டோடு வைத்து வளர்ப்போரும் உளர். குட்டியாய் மடியில் உறங்கியது, எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் வேறு பிராணியாகிவிடுகின்றது. அழைத்தால் வருவதில்லை. கயிற்றைப் பிடித்தவர் தோள் கழலும்படி இழுக்கின்றது. செருப்பைக் குதறுகின்றது. நேற்றுவரை ‘உட்கார்’ என்றவுடன் உட்கார்ந்தது, இன்று செவிடுபோல் நிற்கின்றது. வீட்டார் அடிக்கின்றனர்; அடியும் பயனற்றபோது சாக்கில் கட்டி எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். இதனைக் குறித்தே இன்று பேசக் கருதினோம்.

தம்மம் கேட்க வந்த இடத்தில் நாயைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்கள் மனத்தாங்கல் நமக்கு விளங்காமலில்லை. நாயோடு சேர்த்து ஏசப்பட்ட மக்கள் நாம். இந்நாட்டுத் தெருநாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே நம்மவரின் சாதிப் பெயரிலிருந்து எடுத்ததன்றோ? மகாடில் நாயும் மாடும் நீரருந்திய சவுதார் குளத்தில் மனிதர் கை நனைக்கக்கூடாதென்று தடுத்தார்கள். 1927ஆம் ஆண்டு பாபாசாகேப் அம்பேத்கர் அங்கே சென்று நீர் அருந்தினார். அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆயினும் வசையிலே குற்றமிருந்ததேயன்றி நாயினிடத்தில் இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரனைப் பசுவின் மகன் என்று இகழ்ந்தபோது, அவன் பசுவை வெறுக்கவில்லை. பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்த முனிவர்களைப் பெயர் கூறிக் காட்டினான். 1934ஆம் ஆண்டு தாதர் இராஜகிருகத்தில் பாபாசாகேப் தம் குடும்பத்தாரோடு எடுத்துக்கொண்ட நிழற்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மனைவியார் இரமாபாய், மகன் யஷ்வந்த், அண்ணியார், அண்ணன் மகன் ஆகியோருடன் அதில் இருப்பது டாபி என்னும் அவருடைய செல்ல நாய்.

வளரிளம் பருவத்து நாய் ஏன் இவ்வாறு மாறுகின்றது? 2020ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள நியூகாசில் முதலிய பல்கலைக்கழகத்தார், பார்வையற்றோர்க்கு வழிகாட்ட வளர்க்கப்பட்ட நாய்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐந்து மாதத்தில் சொற்கேட்ட நாய் எட்டு மாதத்தில் தன்னை வளர்த்தவர் சொல்லைக் கேட்கத் தயங்கியது. அதே நாய் முன்பின் அறியாத ஒருவர் ‘உட்கார்’ என்றால் அவ்வளவு தயங்கவில்லை. பன்னிரண்டாம் மாதத்தில் மீண்டும் பழைய இணக்கம் வந்தது. ஆகவே இது கெட்ட புத்தி அன்று; கடந்து செல்லும் பருவம். நாய்கள் வீட்டைவிட்டு மிகுதியாய்த் துரத்தப்படுவது இந்தப் பருவத்திலேயே என்றும் ஆராய்ந்தோர் வருந்தியுள்ளனர். இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது! பிறர் சொல் கேட்டுப் பெற்றோர் சொல் கேளாத பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

கூட்டமாகச் சேர்த்துப் பழக்கும் முறை இதனால்தான் பயன்படுகின்றது. ஐந்தாறு நாய்களை அவற்றை வளர்ப்போருடன் ஒரு வெளியில் நிறுத்துவர். முதலில் நெருங்க விடுவதில்லை; ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து அடியாவது விலகி நிற்கும். முரட்டு நாயை இன்னும் தள்ளி நிறுத்துவர். அது மற்ற நாயைக் கண்டு துள்ளும், குரைக்கும். ஒரு கணம் தலையைத் திருப்பி வளர்த்தவர் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு கணத்திற்காகத்தான் காத்திருக்க வேண்டும். உடனே ஒரு தீனித் துண்டு, ஓர் இன்சொல். சில நிமிடம் கழிந்ததும் ஓய்வு. நாய் சலித்துத் தவறும்வரை நீட்டுவதில்லை. நாளடைவில் இடைவெளியைக் குறைப்பர். பிற நாய்கள் அமைதியாய் நடப்பதன் நடுவே தானும் நடக்க அது கற்கின்றது. தனியே வீட்டுத் திண்ணையில் சாதுவாயிருப்பது பெரிதன்று. கூட்டத்தின் நடுவே மனம் கலையாதிருப்பதே பயிற்சி. பகவன் சங்கத்தை ஏற்படுத்தியதற்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகின்றோம்.

அங்கே முதலிற் பழக்கப்படுவது நாயன்று, கயிற்றைப் பிடித்திருப்பவர். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்னும் அம்மையார் எழுதிய நூலின் தலைப்பே, உம் நாயைப் பழக்குவதற்கு உம்மைப் பழக்குதல் என்று பொருள்படும். தந்தை ‘வா’ என்பார். தாய் ‘இங்கே’ என்பார். பிள்ளை ‘கம்’ என்பான். நாய் எதைக் கேட்கும்? பலமுறை கூப்பிட்டும் வராதது கடைசியில் வந்தவுடன் ஓங்கி ஓர் அடி கொடுக்கின்றோம். வராததற்கு அடித்தோம் என்பது நம் எண்ணம். வந்ததற்கு அடி விழுந்தது என்பதே நாய் கற்ற பாடம். மறுநாள் அது வருமா?

குதிரை பழக்குவோனாகிய கேசி பகவனிடம் வந்த வரலாறு அங்குத்தர நிகாயத்தில் உளது. குதிரையை எவ்வாறு பழக்குகின்றாய் என்று பகவன் வினவினார். மென்மையாலும் வன்மையாலும் இரண்டும் கலந்தும் பழக்குவேன், எதற்கும் இணங்காததைக் கொன்றுவிடுவேன் என்றான் கேசி. தாமும் மனிதரை அம்மூன்று வழிகளாலும் பழக்குவதாகவும், இணங்காதவரைக் கொல்வதாகவும் பகவன் உரைத்தபோது அவன் திகைத்தான். உயிர்க்கொலை தங்களுக்குத் தகாததாயிற்றே என்றான். மென்மையாவது நற்செயலையும் அதன் பயனையும் எடுத்துரைத்தல். வன்மையாவது தீச்செயலையும் அதன் விளைவையும் எடுத்துரைத்தல். பகவனுடைய வன்மையிலும் சவுக்கு இல்லை என்பதைக் காண்க. இணங்காதவரைக் கொல்லுதலாவது, இவன் சொல்லித் திருத்தத் தக்கவனல்லன் என்று பேச்சை விட்டுவிடுதல்; ஆரிய விநயத்தில் அதுவே கொலை என்றார். சாக்கில் கட்டி நாயைக் கொண்டுபோய் விடுபவரும், ‘இனி உன்னோடு பேச்சில்லை, எக்கேடும் கெட்டுப் போ’ என்று மகனிடம் சொல்பவரும் இந்தச் சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேச்சை விடுதலும் ஒரு மருந்தாகக் கூடுமென்பதற்குச் சன்னன் சான்று. பகவனின் தேரை ஓட்டியவன் என்ற செருக்கால் எவர் சொல்லும் கேளாத பிக்கு அவன். பரிநிப்பானத்திற்கு முன் பகவன் அவனுக்குப் பிரம்ம தண்டம் விதித்தார்: அவனோடு எவரும் பேசலாகாது, அறிவுரை கூறலாகாது. செய்தி கேட்ட சன்னன் மயங்கி விழுந்தான், பின்பு தனித்திருந்து முயன்று அரகந்தன் ஆனான், தண்டமும் நீங்கியது. மேலே தாவிக் குதிக்கும் நாயை உதைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கச் சொல்வதும் இவ்வகையே. நான்கு காலும் தரையில் பட்டவுடன் திரும்பிப் பார்த்துத் தட்டிக் கொடுக்க வேண்டும். திரும்புதல் இல்லாத தண்டம் தண்டமே அன்று.

தண்டிக்குமுன் விசாரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு ஜாதகக் கதை உண்டு. குக்குர ஜாதகம் என்பர். காசி மன்னனின் தேரில் பூட்டிய தோல்வார்கள் இரவு மழையில் நனைந்து கிடந்தன. அரண்மனை நாய்கள் இறங்கி வந்து அவற்றைத் தின்றுவிட்டன. சாக்கடை வழியே வந்த தெருநாய்கள் தின்றன என்றார்கள் பணியாளர். நகரத்து நாய்களையெல்லாம் கொல்லுமாறு மன்னன் ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. இடுகாட்டு நாய்களின் தலைவராயிருந்த போதிசத்துவர் தன்னந்தனியே அவைக்குச் சென்றார். குற்றவாளி யாரென்று அறியாமலே ஒரு சாராரைக் கொன்று மறு சாராரைக் காப்பது எவ்வகை நீதி என்று கேட்டார். மோரில் தருப்பைப் புல்லை அரைத்து அரண்மனை நாய்களுக்குப் புகட்டச் சொன்னார். அவை தோலைக் கக்கின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் சாலைகளில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு, தோல் காணாமற்போனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று நாம் சொல்லித் தர வேண்டுமா? இந்நகரிலும் 1832ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்லக் காவலர் புறப்பட்டபோது பார்சியர் கிளர்ந்தெழுந்தனர். கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யும் வழியை நாடு முழுமைக்கும் விதிகளாய் வகுத்தது 2001ஆம் ஆண்டில்தான்.

இவ்வளவு கேட்டபின்னும் ஓர் ஐயம் எழலாம். கீழ்ப்படிதல் என்ற சொல் நம்மவர் செவிக்கு இனியதன்று. தலைமுறை தலைமுறையாக அடித்துப் பணிய வைக்கப்பட்டோம். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் எழுந்த மக்கள் அந்தப் பணிவை உதறியன்றோ எழுந்தனர்? மீண்டும் பணிவா? நன்று; ஐயம் நியாயமானதே. ஆனால் பஞ்ச சீலத்தில் ‘சிக்காபதம்’ என்றொரு சொல் உண்டு. கட்டளை என்பது அதன் பொருளன்று. பயிற்சிப் படி என்பதே பொருள். எவரும் நமக்கு ஆணையிடவில்லை, நாமே ஏற்கின்றோம். தவறினால் அடுத்த நாள் மறுபடியும் ஏற்கின்றோம். பழகிய நாயிடமும் இந்த வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். அடிக்கு அஞ்சியது வாலை ஒடுக்கிக் காதை மடக்கி அருகே வரும். கோல் இல்லாத இடத்தில் வராது. பழகியது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். 1993ஆம் ஆண்டு மும்பைக் குண்டுவெடிப்புகளின்போது காவல் துறையில் பணி செய்த சஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய் மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்தைக் கண்டுபிடித்ததாகக் கூறுவர். புனேயில் பயிற்சி பெற்று வந்தபோது அதற்கு வயது ஒன்று. அஞ்சி நடுங்கும் நாய் அவ்வாறு மோப்பம் பிடித்துத் தேடாது.

சந்தில் அலையும் அந்த முரட்டு நாயையும், ஞாயிறு வந்தனைக்கு வர மறுக்கும் அந்தப் பிள்ளையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள் என்பது நம் வேண்டுகோள். கட்டணம் செலுத்திப் பயிற்சிக்கு அனுப்ப எல்லோராலும் இயலாது, வேண்டியதுமில்லை. முதலில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுக. நல்ல கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டு முழம் நீளமுள்ள கயிறு ஒன்று, உப்பிடாமல் அவித்த கோழித் துண்டுகள் ஒரு கைப்பிடி. நான்கைந்து பிள்ளைகள் தத்தம் சந்து நாயோடு மாலையில் வெயில் தாழ்ந்ததும் கூடட்டும். எந்தச் சொல்லால் அழைப்பது, யார் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை அவர்களே பேசித் தீர்மானிக்கட்டும். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சற்று எட்டி நிற்கலாம்.