உணர்விழந்த உறுப்பும் உயிர் அறியும் வலியும்

தொழுநோயுற்றான் ஒருவன் தன் கையில் வலி உண்டென்று கூற, கேட்டார், "உணர்ச்சியற்ற உறுப்பில் வலி உண்டாதல் யாங்ஙனம்?" என்று நகைப்பாராயின், அந்நகை அறிவின்பாற்படுமோ, அறியாமையின்பாற்படுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இந்நோய்க்கு ஏது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைக் கிருமி. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். அது தோலிலும், முழங்கை முழங்கால் முதலிய இடங்களை அடுத்துச் செல்லும் நரம்புகளிலும் தங்கும். நரம்பு பழுதுபடவே கையும் காலும் உணர்ச்சி இழக்கும். சூடறியாத கை வெந்து புண்படும். முள் தைத்ததறியாத கால் சீழ்கொள்ளும். விரல்கள் குறைதல் நோய் தின்பதனால் அன்று, இங்ஙனம் வலியறியாது உறும் காயங்களாலேயே பெரும்பாலும் நேர்கின்றது என்பதனை, 1946-இல் வேலூருக்கு வந்து பணிபுரிந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் விளக்கினார். வலி உடம்பிற்குக் காவல் என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், வலியின்மையே இந்நோயின் இயல்பன்றோ எனின், அன்று. கிருமியை எதிர்த்து உடம்பு கிளருங்கால் நரம்பு வீங்கித் தாங்கொணா நோவு தருதல் உண்டு. அதனை விரைந்து மருந்தால் தணியாவிடின் கைகால்கள் செயலறுதலும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தார் 1981-இல் வகுத்த கூட்டு மருந்து முறையாற் கிருமி ஒழிந்த பின்னரும், பழுதுற்ற நரம்பு காரணமாகச் சிலர்க்கு எரிவும் குத்தலும் ஆண்டுக்கணக்கில் நீங்கா. தொட்டால் அறியாத இடத்தே தொடாமலே வலி எழும். புறத்தே புண் இன்மையின் பிறர் நம்பார்.

சித்தாந்தம் காட்சியளவையை நால்வகைப்படுத்தும். அவற்றுள் இன்ப துன்பங்களை உயிர் தானே நுகர்ந்தறிவது தன்வேதனைக் காட்சி எனப்படும். வலி இதற்கே விடயமாம். பிறர் கண்ணுக்கு விடயம் அன்று. ஆகவே, "யான் காணேன், ஆதலின் இல்லை" என்பார் அளவை பிறழ்ந்தார் ஆவர். நுகர்ந்தான் உரையைக் கொள்ளுதலே அவர்க்கு வழியாம்.

இனி, "இஃது அவன் வினைப்பயன், நுகர்ந்தே கழிக, இடைப்புகுதல் எற்றுக்கு?" என்பாரும் உளர். அவர் திலகவதியார் வரலாற்றை நினைவாராக. தம்பியாரைப் பற்றிய சூலை இறைவனே அருளியது. புறத்தே தோன்றாது குடரினுள் வருத்தியது. அம்மையார் அவரைச் சோதித்தாரல்லர்; சமயம் மாறிச் சென்றதன் பயன் என்று இகழ்ந்தாருமல்லர். திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். தந்தவன் இறைவனாயினும், தணிக்க வரும் கையும் அவன் அருளின் வழிப்பட்டதே என்பது இதனால் தெளியப்படும். மருந்தும் மருத்துவனும் அவ்வாறே.

வினைக்கோட்பாடு தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுவது. பிறன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு அன்று. நோயாளன் நுகர்வது அவனது பிராரத்தம். அதனைக் கண்டு நிற்பான் அப்போது செய்வது தனது ஆகாமியம். நம்பாது நகைத்தலும் வினையே, அருகிருந்து கேட்டலும் வினையே. தொழுநோயாளன் கை உணர்விழத்தல் கிருமியால் நேர்வது. அவன் வலியைக் கேட்டும் இரங்காதான் நெஞ்சம் உணர்விழத்தல் எதனால் நேர்வது? அது மலத்தின் மறைப்பேயாம். முன்னதற்கு மருந்துண்டு, பின்னதற்கு அருளே மருந்தென்க.