பின்சக்கரத்தின் வழி

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி மேற்கே போனால், செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற ஒரு முனை வரும். அந்தப் பாதையில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போவதற்காக, செங்கம் பக்கமிருந்து வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் செங்கல் பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி. இடது பக்கம் திரும்புவதாக விளக்குப் போட்டுவிட்டு, நேர்மாறாகச் சற்று வலப்புறம் ஒதுங்கி, நின்றேவிட்டது. டிரைவர் கீழே இறங்கினார். லாரியின் முகப்பைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்ப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் அலறின. "நீயும் அடியேம்ப்பா ஹாரனை" என்று நானும் சொன்னேன். அரை நிமிஷம் பொறுக்க முடியவில்லை எனக்கு!

அங்கே ஒருவரும் இல்லை. அவர் ஏறி உட்கார்ந்து, மெல்லத் திருப்பிக்கொண்டு போனார்.

சிறிது தூரத்தில் ஒரு டீக்கடை வாசலில் லாரி நின்றிருந்தது. நானும் காரை நிறுத்தச் சொன்னேன்.

"கிளீனர் இல்லையா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இல்லை சார். கூலி கட்டுப்படி ஆகலைன்னு முதலாளி நிறுத்திட்டாரு."

"அந்தப் பக்கம்தான் யாருமே இல்லையே?"

"இல்லேங்கிறது இறங்கிப் பார்த்தப்புறந்தானே சார் தெரியுது."

பெரிய லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நீளம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும். அதனால்தான் இடப்புறம் திரும்புகிறவர் முதலில் வலப்புறம் ஒதுங்குகிறார். அப்போது இடது பக்கம் ஒரு சந்து திறக்கிறது. ஸ்கூட்டரில் வருகிறவனுக்கு அது தனக்காக விட்ட வழி. லாரிக்கோ அது பின்சக்கரத்துக்கு ஒதுக்கி வைத்த இடம். நம் நாட்டு லாரியில் டிரைவருக்கு வலது பக்கத்து ஆசனம். இடது கதவை ஒட்டித் தாழ இருக்கிறவன் தலைகூட அவருக்குத் தெரியாது. கண்ணாடி காட்டுவது கொஞ்சம், காட்டாதது அதிகம்.

1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகள், இடது பக்கம் திரும்புகிறவர் இயன்ற வரையில் இடது ஓரத்தை ஒட்டியே திரும்ப வேண்டும் என்றன. 2017-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. எனக்கு அந்த 'இயன்ற வரையில்' என்ற இரண்டு வார்த்தைகள்மேல் மதிப்பு உண்டு. எது இயலும், எது இயலாது என்பதைச் சட்டம் அந்த ஆசனத்தில் இருக்கும் மனிதரிடமே ஒப்படைத்துவிடுகிறது. லண்டனில் 2021 முதல் வேறு வழி. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியானால், டிரைவர் தம் கண்ணால் நேரே எவ்வளவு பார்க்க முடிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். போதாத வண்டிக்குக் கூடுதல் சாதனம் பொருத்தினால்தான் அனுமதி.

விபத்து நடந்த பிறகு வழக்கமாகச் சொல்லும் வார்த்தை, "தெரியாமல் நடந்துவிட்டது." பொய்யாகவும் இருக்காது. ஆனால் தெரியாமை இரண்டு வகை. தெரியாது என்பதே தெரியாமல் இருப்பது ஒன்று. தெரியவில்லை என்று தெரிந்தே திருப்புவது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலாவதன் மன்னிப்பை எப்படிக் கொடுப்பது? தமக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறதென்பது லாரி டிரைவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்வது அனுமானமல்ல, சௌகரியம். 'நான்' என்பது முன்சக்கரத்தோடு முடிந்துவிடுவதில்லை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் நின்று இப்படி எழுதுவதால், ஆத்ம விசாரத்தை லாரியில் ஏற்றுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

இதே ஊரில், கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள், பெரிய தேர் மாட வீதிகளைச் சுற்றி வருகிறது. வீதி முனையில் அதைத் திருப்புவது பெரும்பாடு. வடம் பிடிக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்கிறவர்கள்தான் கண். அவர்கள் நிறுத்து என்றால் ஊரே நிற்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. லாரியிலும் இந்த வேலைக்கு ஓர் ஆள் இருந்தான். இடது கதவைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தவன். பல லாரிகளில் இன்று அவன் இல்லை. அவன் கூலியை மிச்சம் பிடித்தவர் எங்கோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பின்சக்கரம் இந்த முனையில் திரும்புகிறது. ஏதாவது நேர்ந்தால் பிடிபடுகிறவர் மட்டும் ஸ்டியரிங் பிடித்தவர்.

நண்பர் வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. இந்தத் தடவை லாரி வாடகையை நன்றாகக் குறைத்துப் பேசி முடித்ததாக நண்பர் சந்தோஷமாகச் சொன்னார். "கெட்டிக்காரர்தான்" என்றேன். காப்பி வந்தது.