குரைக்காத தெரு

ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், நள்ளிரவில் லாயத்துக்குள் ஆள் நுழைந்து குதிரையைக் கொண்டுபோகிறான். காவல் நாய் குரைக்கவே இல்லை. அப்படியானால் வந்தவன் நாய்க்குத் தெரிந்தவன் என்று ஹோம்ஸ் முடிவு கட்டுகிறார். அந்த உரையாடலிலிருந்து தலைப்பை எடுத்து மார்க் ஹாடன் 2003-ல் ஒரு நாவல் எழுதினார். எதிர்வீட்டு நாய் தோட்டக் கவையால் குத்தப்பட்டுக் கிடக்கிறது. கொன்றது யாரென்று தேடிக் கிளம்புகிறான் 15 வயது கிறிஸ்டோபர். யாரும் தொட்டால் அவனுக்குத் தாங்காது. ஒரு கேள்வியைப் பாதியில் விடவும் தெரியாது.

கொன்றது அவனுடைய அப்பாதான். இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட அம்மா லண்டனில் உயிரோடு இருக்கிறாள். அவள் எதிர்வீட்டுக்காரரோடு பழகியது தெருவில் வேறு சிலருக்கும் தெரியும். தெரியாதவன் அவன் ஒருவன்தான். தெருக்களின் மர்மங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்று நான் நம்புகிறேன்: பெரியவர்கள் கூடிப் பேசாமலே ஒப்புக்கொண்ட மௌனங்கள்.

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மாடி வீட்டுப் பையனுக்கு ஆட்டிசம் உண்டு. பத்தாவது முடித்திருக்கிறான். இஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கும் செவலை நாய் ஒரு நாள் காணாமல் போனது. நோட்டும் கையுமாக வீடு வீடாக வந்து, "ஆன்ட்டி, செவலையைக் கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டான். கார்ப்பரேஷன் வண்டி பிடித்துப் போயிருக்கும் என்றார்கள். அவன் நகரவில்லை. பிடித்த தெருநாயைக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023-ம் ஆண்டு விதிகள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்ன வெட்டு இருக்கும். "செவலை காதுல அந்த வெட்டு முன்னாடியே இருந்துச்சே. அப்புறம் எதுக்கு மறுபடி பிடிப்பாங்க?"

பதில் சொல்ல ஆளில்லை. நாய்தானே என்றார்கள், போய்ப் படி என்றார்கள். ராத்திரி குரைக்கிறது என்று சிலர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து, வண்டலூருக்கு அப்பால் எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடைசியில் அவனிடம் அதைச் சொன்னவர் இஸ்திரிக்கார அண்ணன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை அதிசய மூளைக்காரர்களாகக் காட்டும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பேச்சே வராத, உடை மாற்றவும் உதவி வேண்டிய எத்தனையோ பிள்ளைகளின் வீடுகளுக்கு அவை எந்த ஆறுதலும் தருவதில்லை. இவனிடம் அபூர்வ சக்தி எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அவனுக்கு உறுத்துகிறது. நமக்கு உறுத்தல் விட்டுப்போய்விட்டது.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஒரு கேட்டின் முன்னால் அவன் நிற்கும் விதம் மற்றவர்கள் நிற்பதுபோல் இருக்காது. கண்ணைப் பார்க்க மாட்டான், விரல்களை ஆட்டிக்கொண்டே இருப்பான். கேமராவில் பதிந்த அவன் படத்தைப் போட்டு, "யார் இவன்?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டில் பரவியபோது, பழவேற்காட்டில் வீடற்ற ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. நாவலிலும், செத்த நாயின் பக்கத்தில் இருந்த கிறிஸ்டோபரைத்தான் போலீஸ் முதலில் பிடித்துக்கொண்டு போகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இதோ முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. சான்றிதழும் பயிற்சியும் கிடைக்க வழி உண்டு. கேட்டுக்கு உள்ளே இருந்து பார்க்கும் கண்ணை எந்தச் சட்டம் பழக்கும்? அக்கம்பக்கத்தார்தான் பழகிக்கொள்ள வேண்டும். அவன் அம்மாவே குழுவில் அவன் பெயரையும் படத்தையும் போட்டு, "அவன் கேட்டா உண்மையைச் சொல்லிடுங்க. பொய் சொன்னா திரும்பத் திரும்ப வருவான்" என்று எழுதினாள். ஒரு தாய் இவ்வளவு தூரம் இறங்கிவந்து கேட்டிருக்கவே கூடாது.

இப்போது அவனுடைய நோட்டில் தண்ணீர் வந்திருக்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டிய நீர், ஏன் முதலில் நம் தெருவுக்குள் வருகிறது என்று கேட்கிறான். ஓடிய கால்வாயின் மேல் யார் வீட்டுச் சுற்றுச்சுவர் நிற்கிறது என்பது இங்கே பழைய குடும்பங்களுக்குத் தெரியும். நாயைப் போல எளிதான விஷயம் இல்லை இது. பத்திரமும் பணமும் சம்பந்தப்பட்டது. அவன் மணியடித்தால் தெரிந்ததைச் சொல்லிவிடுவது என்று நானும் இஸ்திரிக்கார அண்ணனும் பேசி வைத்திருக்கிறோம். மற்ற வீடுகளில் இனிமேல்தான் பேச வேண்டும்.