மார்த்தாளின் அடுக்களை

லூக்கா சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் கதை வரும்போதெல்லாம் என் மனம் மார்த்தாள் பக்கமே சாயும். மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தாள் வீட்டுவேலையில் தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள். மரியாள் தேர்ந்ததே நல்லது என்கிறார் இயேசு. அப்படியானால் வீட்டுவேலை ஜெபத்துக்குக் கீழானதா?

டெல்ஃப்ட் நகரத்தில் 1632-ல் பிறந்த டச்சு ஓவியர் யோகான்னஸ் வெர்மீர் வாலிபத்தில் இந்தக் காட்சியை வரைந்தார். மார்த்தாள் கையில் ரொட்டிக் கூடை. பிறகு பால் ஊற்றுகிறவள், லேஸ் பின்னுகிறவள், கடிதம் வாசிக்கிறவள் என்று பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதையே வரைந்துகொண்டிருந்துவிட்டார். நம் தாமிரபரணி கடல் சேரும் பக்கத்துத் தூத்துக்குடியை டச்சுக் கும்பெனி 1658-ல் பிடித்தது. பால் ஊற்றும் பெண்ணின் படமும் ஏறத்தாழ அந்தச் சமயத்ததுதான். கும்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டிலேயே இருந்தது. கடல் கடந்து முத்தும் துணியும் தேடிய ஊரில் ஒருவர் பால் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்! 1675-ல், 43 வயதில் இறந்தபோது மிஞ்சியது கடன். வளர்க்க 11 பிள்ளைகள். ரொட்டிக் கடனுக்காக மனைவி இரண்டு படங்களைக் கொடுத்தார்.

வீட்டுக்குள் நடப்பதை அப்படிப் பார்க்கும் கண் நம்மிடம் ஓவியர் இளையராஜாவுக்கு இருந்தது. கும்பகோணத்துப் பக்கக் கிராமத்தில் 1979-ல் பிறந்து, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். வாசலிலும் சன்னலோரமும் விழும் வெளிச்சத்தில் நம் வீட்டுக் கறுத்த பெண்களை வரைந்தார். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. அந்தச் சாவு இன்னும் எனக்கு ஆறவில்லை.

நான் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமானுக்குச் சாயம் ஏற்றுகிறவள். கடைசலில் சுற்றும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் சூட்டில் இளகிப் பிடிக்கும். நினைப்பு வேறெங்காவது போனால் கை அழுத்தம் மாறும், சாயம் திட்டுத்திட்டாகிவிடும். அதை மனதில் வைத்து மார்த்தாள் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இயேசு சமையலைக் குறைசொல்லவே இல்லை. பல காரியங்களை நினைத்துக் கலங்குகிறாய் என்றுதான் சொல்கிறார். இளையராஜா படத்துப் பெண்களிடம் அந்தக் கலக்கம் இல்லை. முழு மனதோடு ஒரு வேலையில் இருப்பதும் பாதத்தருகே இருப்பதுதான் என்று நம்புகிறேன்.

ஆனால் படத்தில் இடுப்புவலி தெரியாது, புகை கண்ணைக் கரிக்காது. அழகாகக் காட்டியதால் ஒருத்தியின் பாரம் குறைந்துவிடாது. தனக்கு உதவும்படி மரியாளிடம் சொல்லக்கூடாதா என்று இயேசுவிடம் கேட்டாளே மார்த்தாள், அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துவிட்டு, சேர்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கலாம் என்றுதான் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பையன்களுக்கும் சேர்த்து.