பங்குதாரர் என்றொரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மொழிபெயர்ப்பு வேலை என்னிடம் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளைச் சாதாரண வாசகர்களுக்கு விளக்கும் சிறு கைநூல். பதினைந்து நாளில் முடித்துத் தர வேண்டும் என்றார்கள். வறுமை, பட்டினி, கல்வி, குடிநீர் என்று வந்த பக்கங்கள் சிரமமில்லாமல் போயின. நான் மாட்டிக்கொண்டது முன்னுரையில்தான். இந்த இலக்குகளை யார் யார் கூடி வகுத்தார்கள் என்று சொல்லும் பத்து வரிக்குள் ஆறு தடவை 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் வந்திருந்தது.

நமது திணைக்களங்களும் அரச சார்பற்ற நிறுவனங்களும் இச்சொல்லைப் பெரும்பாலும் 'பங்குதாரர்' என்றே தமிழாக்கி வருகின்றன. பங்குதாரர் என்றால் நம் ஊர் வழக்கில் யார்? கடையிலோ கம்பனியிலோ முதல் போட்டு, இலாப நட்டத்தில் பங்கு வைத்திருப்பவர். அவரைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. ஆக, ஆங்கிலத்தில் இருவராக இருப்பவர்கள் தமிழுக்கு வரும்போது ஒருவராகிவிடுகிறார்கள். கம்பனியில் பங்கு வைத்திருப்பவரும் பங்குதாரர். அந்தக் கம்பனி கழிவுநீரை விடும் ஆற்றில் குளிப்பவரும் பங்குதாரர். பங்காளி என்று போடலாமா என்றும் யோசித்தேன். அது காணி வழக்கு வரை இழுத்துக்கொண்டு போகும் என்று விட்டுவிட்டேன்.

ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளைத் தேடிப் பார்த்தபோது இன்னொரு விடயம் தெரிந்தது. இருவர் பந்தயம் கட்டும்போது, முடிவு தெரியும்வரை இருவர் பணத்தையும் கையில் வைத்திருக்கும் மூன்றாம் ஆளுக்கே முதலில் அந்தப் பெயர் இருந்தது. ஆட்டத்தில் அவருக்கு எந்த நலனும் இருக்கக் கூடாது. அதனால்தான் பணம் அவர் கையில். இன்று பொருள் தலைகீழாகி, நலன் உள்ளவர் எல்லோரையும் அச்சொல் குறிக்கிறது. உலகத்துக்கென்று இலக்கு வகுக்கும்போது யாரை அழைப்பது, எந்த உரிமையில் அழைப்பது என்ற கேள்வி எனக்கு இவ்வாறுதான், ஒரு சொல்லில் இடறி, எழுந்தது.

யாரையும் அழைக்காமல் வகுத்த காலமும் இருந்தது. 2000 செப்டெம்பரில் நியூயோர்க்கில் உலகத் தலைவர்கள் மிலேனியம் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டனர். அதைப் பின்னர் எட்டு இலக்குகளாகச் சுருக்கியெடுத்தது ஐ.நா., உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம், ஓ.ஈ.சி.டி. ஆகியவற்றின் அதிகாரிகள் சிலரைக் கொண்ட சிறு குழு. 2001 இல் செயலாளர் நாயகம் கொபி அனானின் அறிக்கையொன்றின் பின்னிணைப்பாக அவை வெளிவந்தன. அப்போது ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் தலைவராயிருந்த மார்க் மலக் பிரவுன் பின்னாளில் தாமே ஒரு கதை சொன்னார். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது. நடைவழியில் ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் தலைவர் எதிர்ப்பட்டார். அவரைக் கண்டதும்தான் சுற்றாடலை மறந்துவிட்டோமே என்பது இவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சேர்த்தாராம். மலசலகூட வசதி பற்றிய இலக்கு 2002 இல் ஜொஹனஸ்பேர்க் மாநாட்டில்தான் சேர்ந்தது.

மறதி மனித இயல்பு. ஆனால் கிணறு உவர்த்துப்போன ஊரிலிருந்து ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் மறந்திருக்க முடியுமா?

அடுத்த முறை கதவு திறக்கப்பட்டது. 2012 ஜூனில் றியோ டி ஜெனீரோவில் நடந்த மாநாட்டின் முடிவுப்படி ஒரு திறந்த செயற்குழு அமைந்தது. கென்யாவின் மச்சாரியா கமாவும் ஹங்கேரியின் சாபா கொரோஷியும் இணைத்தலைவர்கள். ஆசனங்கள் 30, கேட்டு வந்த நாடுகள் 70. ஆகவே இரண்டு மூன்று நாடுகள் ஓர் ஆசனத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரே கதிரை. (அந்தக் கதிரையில் இரண்டு பேர் என்ன பாடுபட்டார்கள், மூன்றாமவர் எங்கே ஒதுங்கினார் என்று எழுத நல்லதொரு சிறுகதையாசிரியர் வேண்டும்.) 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை பதின்மூன்று அமர்வுகள். 17 இலக்குகளும் 169 உப இலக்குகளும் உருவாகி, 2015 செப்டெம்பரில் 193 நாடுகளால் ஏற்கப்பட்டன. 'என் உலகம்' என்ற பெயரில் நடந்த கருத்துக்கணிப்பில் எழுபது இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்குபற்றினர். பதினாறு விடயங்களில் ஆறைத் தெரிவுசெய்ய வேண்டும். கல்வி முதலாவதாக வந்தது. காலநிலை மாற்றம் கடைசியாக, பதினாறாவதாக வந்தது. மக்களைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலநிலை தனி இலக்காக நின்றதற்கு வாக்கெண்ணிக்கை காரணமல்ல.

அரசுகளுக்கு வெளியே உள்ளவர்கள் எந்த வழியில் உள்ளே வந்தார்கள்? 1992 இல் முதலாவது றியோ மாநாடு வகுத்த ஒன்பது பிரதான குழுக்கள் வழியாக. பெண்கள், சிறுவர்களும் இளைஞர்களும், பழங்குடிகள், அரச சார்பற்ற நிறுவனங்கள், உள்ளூராட்சி அமைப்புகள், தொழிலாளரும் தொழிற்சங்கங்களும், வணிகமும் கைத்தொழிலும், விஞ்ஞானத் தொழில்நுட்பச் சமூகம், விவசாயிகள். ஒரே பட்டியல், ஒரே எழுத்து அளவு. விதை விற்கும் பன்னாட்டுக் கம்பனிக்கு ஓரிடம், விதை வாங்கும் விவசாயிக்கு ஓரிடம். சமத்துவம் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

சிவில் சமூகம் என்று சொல்லப்படுவதையும் சற்றுப் பார்க்க வேண்டும். நான் அதற்குள் இருந்தவன். 2005 இல், சுனாமிக்குப் பின்னர், கிழக்குக் கரையோர ஊரொன்றில் வீடமைப்புக் கலந்தாலோசனைக் கூட்டம். கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக் கூடாதென்று அரசு சொல்லியிருந்த காலம். நிறுவனமொன்றின் வெளிநாட்டு அலுவலருக்கு நான் மொழிபெயர்ப்பாளன். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் கதிரைகள், கையொப்பத் தாள், டிமைத் தாளில் மார்க்கர் பேனையால் எழுத ஒருவர், பகலுக்குச் சோற்றுப் பார்சல். ஒரு ராத்தா எழும்பிச் சொன்னார்: "தம்பி, சீற்று வேணாம். ஓடு போட்டுத் தரச் சொல்லுங்க. பகல்ல சீற்றுக்குள்ள புள்ளையள வெச்சிரிக்க ஏலா." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டிமைத் தாளில் அது 'கூரை: காற்றோட்டம்' என்று இரண்டு சொல்லாக ஏறியது. ராத்தா தலையாட்டினார், கூட்டம் முடிந்தது. ஒரு வருடத்தில் வீடுகள் வந்தன. கூரை அஸ்பெஸ்டஸ் சீற். சுவரில் இரண்டு காற்றுத் துவாரம் கூடுதலாக வைத்திருந்தார்கள். அறிக்கையில் மக்களின் கருத்து உள்வாங்கப்பட்டதென்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். பொய் என்றும் சொல்ல முடியாது. அதன் பிறகு அந்த நிறுவனம் வேறொரு நாட்டுக்குப் போயிற்று. நான் வேறொரு தொழிலுக்குப் போனேன்.

அஸ்பெஸ்டஸ் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்தா சொன்னதும் வெயிலைப் பற்றித்தான். அதன் தூசு நுரையீரலில் தங்கி முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வரக்கூடும் என்பதை வெகு பின்னர்தான் வாசித்தேன். வாசித்துக்கொண்டு போகையில் ஒரு பெயர் குறுக்கிட்டது. ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனி.

1992 றியோ மாநாட்டின் செயலாளர் நாயகம் மொரிஸ் ஸ்ட்ரோங், உலக வணிகத் துறையை மாநாட்டுக்குள் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டது இந்த சுவிஸ் தொழிலதிபரைத்தான். அவர் பெரும் கம்பனித் தலைவர்களைச் சேர்த்து நிலைபேறான அபிவிருத்திக்கான வணிக மன்றமொன்றை அமைத்தார், புத்தகமும் வெளியிட்டார். வணிகம் இந்த மேசைக்கு வந்த வழிகளில் அது முக்கியமானது. அதே 1992 இல்தான், எழுபதுகளிலிருந்து ஐ.நா.வில் இழுபட்ட பன்னாட்டுக் கம்பனிகளுக்கான ஒழுக்கக் கோவை முயற்சியும் கைவிடப்பட்டது. ஷ்மிட்ஹைனியின் குடும்பச் செல்வம் எட்டர்னிட் என்ற அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தொழிலிலிருந்து வந்தது. இத்தாலியின் கசாலே மொன்ஃபெராட்டோ நகரில் அதன் தொழிற்சாலை 1986 இல் மூடப்பட்டது. ஆனால் சாவுகள் நிற்கவில்லை. தொழிற்சாலைக்குள் கால்வைக்காத, வேலைக்காரரின் உடுப்பைத் துவைத்த மனைவிமாரும் இறந்தார்கள். 2012 பெப்ரவரியில் துரின் நீதிமன்றம் அவருக்குப் பதினாறு ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது பதினெட்டாயிற்று. 2014 நவம்பரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் காலாவதிச் சட்டத்தின்படி அதை இரத்துச் செய்தது. வேறு வழக்குகள் தொடர்ந்தன. அவர் குற்றத்தை மறுத்தே வந்திருக்கிறார்.

இவரை வேடதாரி என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. தம் பொறுப்புக்கு வந்த தொழிலிலிருந்து அஸ்பெஸ்டஸை நீக்க வேண்டும் என்று பல முதலாளிமாருக்கு முன்பே பேசியவர் அவர். சுற்றாடலில் அவருக்கிருந்த அக்கறை மெய்யாகவே இருக்கலாம். மெய்யான அக்கறையும் கொடுக்கப்படாத கணக்கும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அப்படியானவர் மேசையில் எந்தப் பக்கம் அமர்வது?

நம் மத்தியஸ்த சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினரின் மச்சான் வழக்காளியாக வந்தால், அன்றைக்கு அவர் எழும்பி வெளியே போய்விடுவார். யாரும் அதை அவமானமாக எடுப்பதில்லை. உலக இலக்குகளை வகுக்கும் மேசையில் அப்படி எழும்பியவர் பற்றி நான் கேள்விப்படவில்லை. செயலாளர் நாயகம் 2012 இல் அமைத்த 27 பேர் கொண்ட உயர்மட்டக் குழுவில் யூனிலிவர் தலைமை நிறைவேற்று அதிகாரி போல் போல்மன் இருந்தார். நிலைபேறு பற்றி அவரைப்போல் பேசிய கம்பனித் தலைவர்கள் குறைவு. அதே நேரத்தில் அவரது கம்பனியின் இந்தியக் கிளைக்குச் சொந்தமாயிருந்து, பாதரசக் கழிவு பற்றிய போராட்டத்தின் பின் 2001 இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பழைய தொழிலாளர்கள் நீதிமன்றப் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். கம்பனி அவர்களின் நோய்க்குத் தான் காரணமல்ல என்றே சொல்லிவந்தது. 2015 இல் சோபியா அஷ்ரஃபின் பாட்டொன்று உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது. ஒன்பது குழுக்களில் எதுவும் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை.

அப்படியானால் வணிகத்தை வெளியே நிறுத்திவிடலாமா? முடியாது. அஸ்பெஸ்டஸுக்குப் பதிலாக வேறு சீற் செய்து தருவதும் ஒரு கம்பனிதான். அவர்கள் தெரிந்து வைத்திருப்பது அரசுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வரட்டும், சாட்சியாக, கணக்குக் காட்டுபவராக வரட்டும். 2015 இலக்குகளில் கம்பனிகளைப் பற்றி நேரே பேசும் 12.6 ஆம் உப இலக்கின் வினைச்சொல் என்ன தெரியுமா? 'ஊக்குவித்தல்'. பெரிய கம்பனிகள் நிலைபேறான முறைகளைக் கைக்கொள்ளவும் அறிக்கையில் எழுதவும் ஊக்குவிக்கப்பட வேண்டுமாம். நம் வீட்டுப் பிள்ளைகளைக்கூட நாம் இதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறோம்.

பாதிக்கப்படுகிறவரும் நலன் உள்ளவர்தானே, அவருக்கு மட்டும் ஏன் கூடுதல் இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இவ்வளவுதான்: பங்கு என்பது விற்கக்கூடியது. கம்பனிக்கு நட்டம் வந்தால் பங்குதாரர் விற்றுவிட்டுப் போகலாம். கருத்திட்டம் முடிந்தால் நிறுவனம் போகலாம். மொழிபெயர்ப்பாளன் போகலாம், போனேன். ராத்தா தன் கூரைக்குக் கீழிருந்து எங்கே போவார்? கசாலே மொன்ஃபெராட்டோக்காரர் தன் நுரையீரலை யாருக்கு விற்பார்? விலகிப் போக முடியாதவருக்கும் விலகிப் போகக்கூடியவருக்கும் ஒரே எடையில் குரல் கொடுப்பதை என்னால் சமத்துவமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அரசுகளுக்கும் இது விளங்காமலில்லை. அவற்றுக்கு வேறு நெருக்கடிகள் உண்டு. இலங்கை 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகில் அஸ்பெஸ்டஸை மிக அதிகமாக எடுப்பது ரஷ்யா. சில நாட்களில் இலங்கை தன் கட்டுப்பாட்டைக் கைவிட்டது; மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம். மலையகத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் கூரைக்குக் கீழே இருப்பவருக்கும் நடுவில் அந்த வாரம் யார் பங்குதாரர், யார் பந்தயப் பணம் என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கைநூலில் நான் இரண்டு சொற்கள் போட்டு அனுப்பினேன்: 'பாதிப்புக்கு உள்ளாவோர்', 'ஆதாயம் பெறுவோர்'. தொலைபேசி வந்தது. "சேர், இங்கிலீஷ்ல ஒரே சொல்தானே. தமிழிலும் ஒன்றாகவே இருக்கட்டும்." மரியாதையாகத்தான் கேட்டார்கள். 'பங்குதாரர்' என்று அச்சாகி வந்தது.

கடந்த வருடம் அந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ராத்தாவின் வீட்டையும் தேடிப் போனேன். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கூரையில் வெடித்த இடங்களில் பொலித்தீன் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். கழற்றிய சீற்றொன்றை மகன் முற்றத்தில் வைத்துக் கோழிக்கூட்டுக்கு அளவாக வாளால் அறுத்துக்கொண்டிருந்தார். கை, தலை எல்லாம் வெள்ளைத் தூசு. நிறுத்தச் சொன்னேன். காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அப்ப இத எங்கட தலைக்கு மேல போடக்குள்ள ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

வேப்பமர நிழலில் மொழிபெயர்த்தவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அன்று அவருக்கு ஏழு வயதிருக்கும்.