வெளியே போவதை எப்போது நிறுத்துகிறோம்?

முதுமை எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நரை என்பார்கள், மூட்டுவலி என்பார்கள், பணி ஓய்வு என்பார்கள். என் கணக்கில், ஒருவர் தனியாக வெளியே போவதை நிறுத்தும் நாளில்தான் அது தொடங்குகிறது. அந்த நாளை உடம்பு முடிவு செய்கிறது என்று நாம் நம்புகிறோம். "பாவம், முன்ன மாதிரி முடியல" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அதை முடிவு செய்வது தெருதான்.

என் பெரியம்மா மயிலாப்பூரில் இருக்கிறார். 2021 மே 8 முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. ஊரடங்கு தளர்ந்ததும் அவர் பெரம்பூரில் உள்ள தங்கை வீட்டுக்கு அடிக்கடி கிளம்ப ஆரம்பித்தார். அதற்கு முன் போகாமல் இருந்ததற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. காசு கேட்க வேண்டியிருந்ததுதான் காரணம். மகனிடம் கேட்டால் "எதுக்கு, எங்கே, நான் கொண்டு விடறேனே" என்று பேச்சு வளரும். கட்டணமில்லாச் சீட்டு வந்ததும் அந்தப் பேச்சே எழவில்லை. பின்னாளில் 'விடியல் பயணம்' என்று பெயர் பெற்ற இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பெரியம்மாவுக்கு மிச்சமானதை ரூபாயில் சொல்ல முடியாது. கேட்காமல் கிளம்பும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

பிறகு அவர் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கால்ல ஒண்ணும் இல்லடா. ஏறி உட்கார்ந்துட்டா எவ்வளவு தூரம்னாலும் போயிடுவேன். அந்த ஏறுறதுதான்..." என்றார்.

அந்த ஏறுவதை ஒருநாள் கூடவே நின்று பார்த்தேன். நிறுத்தத்தில் ஒரு ஷேர் ஆட்டோவும் வரிசையாக இருசக்கர வாகனங்களும் நின்றிருந்தன. ஓட்டுநர் நினைத்தாலும் பேருந்தை ஓரம்கட்ட முடியாது. பேருந்து நடுச் சாலையில் நின்றது. பெரியம்மா நடைமேடையிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கி, ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு, பின்னால் வரும் பைக்கைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் படிக்கு வந்தார். பையை முதலில் படியில் வைத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். வலது காலைத் தூக்கி வைத்து, உடம்பை ஒருமுறை முன்னால் ஆட்டிவிட்டு, மொத்த எடையையும் கைகளால் மேலே இழுத்தார். நடத்துநர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒரு எழுபது வயதுப் பெண்ணின் பயணம் அன்றைய நடத்துநரின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

நாம் பழகிப்போன சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம். லாரிக்கான அடிச்சட்டத்தின் மேல் கூடு கட்டிய காலத்தின் மிச்சம் அது. தாழ்தளப் பேருந்தில் அந்த உயரம் 40 சென்டிமீட்டர்தான். உள்ளே ஏறப் படிக்கட்டே கிடையாது. நிறுத்தத்தில் வண்டி ஒருபக்கமாகச் சற்றுத் தாழ்ந்தும் கொடுக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளப் பலகை விரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 இந்த வசதியைச் சலுகையாக அல்ல, கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் சென்னையில் இதற்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மழைநீர் தேங்கும் சாலைகளிலும் உயரமான வேகத்தடைகளிலும் தாழ்தள வண்டி ஓடாது என்று அப்போது ஒரு வாதம் சொல்லப்பட்டது. அந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. நம் வேகத்தடைகளைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சாலை சரியில்லை என்பதற்காக ஏன் பெரியம்மாவின் முழங்கால் வளைந்து கொடுக்க வேண்டும்? வேகத்தடையைச் செதுக்குவது, ஒரு மனிதரை நாற்பது ஆண்டு வீட்டில் உட்கார வைப்பதைவிடச் சுலபம் இல்லையா?

2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. இவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் புகை இல்லை, சத்தம் இல்லை என்கிறார்கள். உண்மைதான், மகிழ்ச்சிதான். எனக்கு அவற்றின் பசுமையைவிட உயரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. சொல்லப்போனால் இரண்டும் ஒன்றுதான். பேருந்தில் ஏற முடியாதவர் ஆட்டோவில் போவார், இல்லையென்றால் மகனின் காரில் போவார். ஏறக்கூடிய பேருந்துதான் புகையைக் குறைக்கும்.

ஆனால் பேருந்து மட்டும் தாழ்ந்தால் போதாது. வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை ஒரு பயணம் இருக்கிறதே, அதை எந்தப் பயண அட்டையும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பகுதியில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டை உயர்த்திக் கட்டுகிறார்கள். உயர்த்திய வீட்டுக்குள் கார் ஏற வேண்டும். அதற்கான சாய்தளம் நடைபாதைக்குக் குறுக்கே நீள்கிறது. இப்படி வீட்டுக்கு ஒன்று. நடைபாதை என்று ஒன்று இருக்கும் தெருவிலும் இரண்டு வீட்டுக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் அதற்குச் சாலையிலேயே நடந்துவிடுகிறார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவரையா? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தால் இந்தச் சங்கிலியே தொடங்கியிருக்காது.

நடைபாதையில் பைக் ஏறக் கூடாது என்று இரும்புத் தூண்களை நெருக்கமாக நடுகிறார்கள். பைக் நிற்கிறது, சக்கர நாற்காலியும் நிற்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறவரும் இறங்கிச் சாலைக்குத்தான் போக வேண்டும். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடக்கும் அகலம் தடையில்லாமல் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. நாட்டிலேயே முன்னோடியாக 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காடு அவர்களுக்கு என்றும் அதில் எழுதினார்கள். 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் அந்தக் கொள்கை எப்படி இருக்கும் என்பதை ஓரளவு பார்க்கலாம். மாலையில் அங்கே வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எதையும் வாங்குவதற்காக அல்ல. துணிக்கடைகளுக்குப் பேர்போன சாலையில் ஒன்றும் வாங்காமல் உட்காரலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொஞ்சம் தள்ளிக் கிளைத் தெருவுக்குள் திரும்பினால் பழையபடி சாலையில் இறங்க வேண்டியதுதான்.

சாலையைக் கடப்பதும் இப்படித்தான். சிக்னல் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். 14 மீட்டர் அகலச் சாலைக்கு 12 நொடி போதும். பெரியம்மா நொடிக்கு 0.7 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 20 நொடி வேண்டும். அந்த எட்டு நொடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய விஷயம் இல்லை. ஒரு கிழவருக்காக நாலு கார் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்ற முடிவுதான் பெரிது. நாம் அந்த இடத்தில் நடைமேம்பாலம் கட்டுகிறோம். வண்டி ஒரு நொடியும் நிற்காமல் போவதற்காக, நடக்க முடியாதவரை மாடி ஏறச் சொல்கிறோம். அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

நிழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கத்திரி வெயிலில் நிழற்குடையின் ஸ்டீல் இருக்கையில் கை வைத்துப் பாருங்கள். பெரியம்மா அதில் முந்தானையை மடித்துப் போட்டு உட்காருவார். சற்றுத் தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தது. வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். வேர் பரவவும் இடமில்லை, தண்ணீர் இறங்கவும் வழியில்லை. மரத்தடியில் ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைக்கும்படி பசுமைத் தீர்ப்பாயம் எப்போதோ சொல்லிவிட்டது. நிறுத்தங்களை ஒட்டி வேம்பும் புங்கையும் வைப்பது அலங்கார வேலை இல்லை. அது போக்குவரத்துத் துறையின் வேலை. கழிப்பறையும் அப்படித்தான். வெளியே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தத் தாகத்தோடு வெயிலில் நிற்பதை நாம் பயணம் என்கிறோம்.

இதையெல்லாம் வார்டு அளவில் பேசும்போது ஒரே பதில்தான் வரும்: "இந்த ரோட்டுல சக்கர நாற்காலியே வர்றதில்லையே, வயசானவங்க யாரு சார் பஸ்ல போறாங்க?" போக்குவரத்துக் கணக்கெடுப்பு சாலையில் நின்றுகொண்டு, கடந்து போகிறவர்களை எண்ணுகிறது. கிளம்பாமல் போனவர் அதில் வருவதே இல்லை. எத்தனை பேர் நின்றுவிட்டார்களோ அத்தனைக்குத் தேவை குறைந்ததாக அந்தக் கணக்கு காட்டும். குறைந்த தேவைக்கு யார் நடைபாதை போடுவார்கள்?

அதனால் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது நடைபாதையை அல்ல, ஒரு கணக்கெடுப்பை. சாலையில் நிற்க வேண்டாம். அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளிலும், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்கள் வீடுகளிலும் போய்க் கதவைத் தட்டட்டும். போன மாதம் எங்கே போனீர்கள், எங்கே போக நினைத்துப் போகாமல் விட்டீர்கள், எந்த இடத்தில் திரும்பிவிட்டீர்கள் என்று கேட்கட்டும். பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். பெரம்பூரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்ன பட்டியலில் முதலில் இருந்தது, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடை.